பட்டையின் கண்ணில் ஒரு ரப்பர் வளையம்

வண்டி வைத்திருக்கும் சங்கம் எதுவாயினும், அதன் வரவு செலவுக் கணக்கில் டீசலுக்கு ஒரு தலைப்பு உண்டு, டயருக்கு ஒரு தலைப்பு உண்டு, இன்ஷூரன்சுக்கும் உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடுவதும், சொற்ப விலைக்குக் கிடைப்பதுமாகிய புஷ் என்னும் உறுப்புக்குத் தனித் தலைப்பு இருப்பது அரிது. ‘சில்லறைப் பழுது’ என்ற தொகையில் அது மறைந்திருக்கும். அல்லது மாற்றப்படாமலே வண்டியின் அடியில் தேய்ந்துகொண்டிருக்கும். டயர்ச் செலவு இவ்வளவு ஏறியதேன் என்று பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்பாரானால், அதற்குரிய விடை பல சமயங்களில் அச்சிறு உறுப்பிலேயே இருக்கின்றது. ஆகவே அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே இங்கு எழுத முற்பட்டோம்.

இஃது டிரைவரும் மெக்கானிக்கும் அறிய வேண்டிய விஷயமாயிற்றே, நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வண்டி சங்கத்துடையது. அதில் ஏறும் நூலும் சேலையும் தக்காளியும் வெண்டையும் அங்கத்தினருடையவை. பழுதுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவினிடத்தில் இருக்கின்றது; பழுதினால் நேரும் அபாயமோ டிரைவரின் தலைமேல் இருக்கின்றது. “ஐயா, பின்பக்கத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறது” என்று டிரைவர் வந்து சொல்லும்போது, “இந்த மாதம் ஓட்டுங்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்” என்று காரியதரிசி விடையிறுப்பது நாம் அறியாததன்று. அச்சத்தத்தின் பொருள் இன்னதென்று தெரிந்த காரியதரிசி அவ்விதம் சொல்லமாட்டார்.

புஷ் என்பது யாது?

மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய குடும்பங்களில், இரும்பு இருசு சக்கரக் குடத்தோடு உரசும் இடத்தில் மை இடும் வழக்கத்தை அறியாதார் இலர். வைக்கோலைக் கரியாக்கி ஆமணக்கெண்ணெயில் குழைத்து அம்மையைச் செய்தனர். தறியிலோ, விசையோடு பறந்து வரும் நாடா பெட்டியின் கோடியில் மோதும் இடத்தில் தோலை வைத்து அம்மோதலை வாங்கிக்கொள்ளச் செய்கின்றனர். உரசலைத் தடுப்பது ஒன்று. மோதலை வாங்குவது மற்றொன்று. இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்வது மோட்டார் வண்டியின் புஷ்.

பிக்கப் வண்டியின் பின் ஆக்சில் பெரும்பாலும் பட்டைகளின் மீது அமைந்திருக்கும். நீளம் குறைந்துகொண்டே போகும் உருக்குத் தகடுகள் பலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டினால் கோத்து, யூ போல்ட்டுகளால் ஆக்சிலோடு இறுக்கியிருப்பர். மேலேயுள்ள மெயின் பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவ்வளையத்துக்குக் கண் என்று பெயர். முன்கண், சேசிஸில் உள்ள பிராக்கெட்டோடு ஒரு போல்ட்டினால் நேரே பிணைக்கப்படும். பின்கண் அவ்வாறன்று. சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளுமாதலால், அந்நீளத்துக்கு இடங்கொடுக்கும் பொருட்டு, ஊஞ்சல்போல் ஆடும் ஷாக்கிள் என்ற இணைப்பின் வாயிலாக அது சேசிஸோடு சேர்கின்றது. ஷாக்கிளுக்கு மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். ஆக, ஒரு பக்கத்துப் பட்டைக்கு மூன்று மூட்டுகள். வண்டியின் பின்புறம் முழுமைக்கும் ஆறு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் புஷ் உண்டு. முன் ஆக்சிலும் பட்டையின்மேல் அமைந்த வண்டியாயின் முன்புறத்திலும் அவ்வாறே இருக்கும். இவையன்றி, ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும், முன் சக்கரங்கள் தனித்தனியே கைகளினால் தாங்கப்பெறும் வண்டிகளில் அக்கைகளின் மூட்டுகளிலும் புஷ்கள் இருக்கின்றன. நாம் இங்குப் பெரிதும் பேசப்போவது பட்டையின் புஷ்களைப் பற்றியே. சங்க வண்டிகளில் பெரும்பாலான தொல்லைகளுக்கு இருப்பிடம் அதுவே.

முன்கண்ணில் உள்ள புஷ்ஷைக் குறித்து ஒன்று தனியே சொல்ல வேண்டும். என்ஜினின் விசையால் பின் சக்கரங்கள் சுழலும்போது, அவை வண்டியை முன்னே தள்ளுவது பட்டையின் முன்பாதி வழியாகத்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டியைப் பின்னே இழுத்து நிறுத்துவதும் அதன் வழியாகத்தான். ஆக்சில் நேராக நிற்க வேண்டிய இடத்தில் நிற்கின்றதா என்பதை நிர்ணயிப்பது முன்கண்ணின் புஷ். அது தளர்ந்தால் ஆக்சில் தன் இடத்தைவிட்டு நகரத் தொடங்கும். பின்கண்ணிலும் ஷாக்கிளிலும் உள்ளவை தளர்ந்தால் சத்தம் மிகுதி. முன்கண்ணில் உள்ளது தளர்ந்தால் ஆபத்து மிகுதி.

இரும்பும் ரப்பரும்

புஷ்ஷில் இரு ஜாதிகள் உண்டு. கனத்த லாரிகளிலும் பழைய வண்டிகளிலும் காணப்படுவது வெண்கலம் முதலிய உலோகத்தாலான புஷ். அதன் நடுவே உருக்குப் பின் ஒன்று சுழலும். பின்னின் முனையில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். இலகுவான பிக்கப் வண்டிகளில் இன்று பெரிதும் காணப்படுவது ரப்பர் புஷ். இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பராமரிப்பில் நேரும் பிழைகளில் பாதிக்குக் காரணம் எனலாம்.

ரப்பர் புஷ்ஷின் நடுவில் ஓர் உருக்குக் குழாய். அதனைச் சுற்றி ரப்பர். பலவற்றில் ரப்பரைச் சுற்றி வெளியே மற்றோர் உருக்குக் குழாய். வெளிக்குழாய் பட்டையின் கண்ணுக்குள் இறுக அழுந்தியிருக்கும். உட்குழாயினூடே செல்லும் போல்ட்டை முடுக்கும்போது, பிராக்கெட்டின் இரு கன்னங்களும் உட்குழாயை அசையாதபடி கவ்விக்கொள்ளும். இப்பொழுது உட்குழாய் சேசிஸோடு ஒன்றாகிவிட்டது. வெளிக்குழாய் பட்டையோடு ஒன்றாகிவிட்டது. பட்டை மேலும் கீழும் அசையும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் முறுகிக் கொடுத்து, மீண்டும் தன் நிலைக்கு வருகின்றது. இங்கு எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை. ஈரத் துணியை இரு கையாலும் பிடித்துச் சற்றே முறுக்கிவிட்டால் அது திரும்பவும் பிரிவதுபோல, ரப்பரும் முறுகிப் பிரிகின்றது, அவ்வளவே.

வழுக்காத இடத்துக்கு மசகு எதற்கு? ஆயினும் ‘கிறீச்’ என்ற ஒலி கேட்ட மாத்திரத்தில் பழைய என்ஜின் ஆயிலையோ கிரீஸையோ ரப்பரின்மேல் பூசும் பழக்கம் பரவலாக இருக்கின்றது. சத்தம் அடங்கிவிடும்; பூசியவருக்கும் திருப்தி உண்டாகிவிடும். இயற்கை ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெயைப்போல் பகை வேறில்லை. எண்ணெயைக் குடித்த ரப்பர் உப்பும், மென்மையாகும், தன் வலிமையை இழந்து, சில காலத்தில் பிதுங்கி வெளியே வரும். சத்தத்தை அடக்கியதாக எண்ணியவர் புஷ்ஷின் ஆயுளை அடக்கியவராகிறார். என்ஜினிலிருந்தோ பின் ஆக்சிலிலிருந்தோ ஆயில் ஒழுகிப் புஷ்களை நனைத்துக்கொண்டிருந்தால், முதலில் ஒழுக்கை நிறுத்திய பிறகே புது புஷ் போடல் வேண்டும். ரப்பரைத் துடைப்பதற்குச் சோப்பு நீர் போதும். மண்ணெண்ணெயும் டீசலும் கூடா.

உலோகப் புஷ்ஷுக்கோ இதற்கு நேர்மாறு. அங்குக் கிரீஸ் இல்லையேல் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தின்றுவிடும். வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் கெடுவில், நிப்பிளின் வாயைத் துணியால் துடைத்து மண்ணகற்றி, பழைய கறுத்த கிரீஸ் வெளிவந்து புதியது தலைகாட்டும் வரை ஏற்ற வேண்டும். சேசிஸை ஜாக்கியால் சற்றே தூக்கிப் பின்னின்மேல் உள்ள பளுவைக் குறைத்துக்கொண்டால், பளு அழுந்தும் பக்கத்துக்கும் கிரீஸ் சென்று சேரும். பளுவோடு ஏற்றினால் காலியான பக்கத்தில் மட்டுமே சேர்ந்து, தேயும் பக்கம் வறண்டே நிற்கும்.

அமெரிக்காவில் போர்டு கம்பெனி, 1925-இல் தன் ‘டி’ மாடல் காரின் பின்னால் ஒரு தொட்டியை அமைத்துப் பிக்கப் என்ற பெயரோடு ஆலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. அக்காலம் தொட்டுச் சுமையைப் பட்டைகளே தாங்கி வருகின்றன. ரப்பர் இவ்வேலைக்குத் தகுதி பெற்றதன் வரலாறு அதற்கும் முந்தியது. பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இக்குறையைப் போக்கும் வழியைக் கண்டு, 1844-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பட்டை சீவி எடுக்கும் பாலும், அமிலமிட்டு உறையவைத்து, ஷீட்டாக்கி, புகையில் உலர்த்தப்பட்டு, இதுபோன்ற ஆலைகளுக்கே செல்கின்றது. செயற்கை ரப்பர்கள் பல வந்த பின்னரும், இடைவிடாமல் முறுகியும் நீண்டும் உழைக்கும் உறுப்புகளுக்கு இயற்கை ரப்பரையே விரும்புகின்றனர். எளிதில் கிழியாமையும், ஒவ்வொரு முறுக்கிலும் அதிகச் சூடு கொள்ளாமையும் அதன் குணங்கள். ரப்பர் பயிரிடும் நம் அங்கத்தினர் தாம் விற்ற ஷீட்டின் மேலேயே தம் வாழைத்தாரை ஏற்றிச் செல்கின்றனர் என்பது ஒரு வேடிக்கை.

நோயின் அறிகுறிகள்

நல்ல புஷ் சத்தம் செய்யாது. நின்ற வண்டி புறப்படும்போதும், பிரேக் மிதிக்கும்போதும், கியர் மாற்றும்போதும் பின்னிருந்து ‘டக்’கென்று ஓர் அடி கேட்குமானால் முன்கண்ணின்மேல் சந்தேகம் கொள்ளலாம். சிறு மேடுபள்ளங்களில் கடகடவென்ற ஒலி ஷாக் அப்சார்பர் முனைகளிலிருந்தோ ஷாக்கிளிலிருந்தோ வருவது. கிறீச்சொலி எங்கிருந்து வருகின்றது என்று தெரியாவிடில், ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீரை ஊற்றி வண்டியை அசைத்துப் பார்க்கலாம். எதன்மேல் ஊற்றியதும் ஒலி நிற்கின்றதோ அதுவே குற்றவாளி.

சத்தமில்லாமல் வரும் அறிகுறிகளே அதிகக் கவனத்துக்குரியவை. நேரான சாலையில் ஸ்டீரிங்கை ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருத்தல்; காற்றடித்தால் வண்டி அலைதல்; வளைவில் திரும்பிய பின் வண்டியின் பின்புறம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோல் தோன்றுதல்; டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல். பின்னால் வரும் வண்டிக்காரர், “உங்கள் வண்டி கோணலாக ஓடுகிறதே” என்று சொல்வதும் உண்டு. அதை வம்புப் பேச்சென்று தள்ளிவிடலாகாது.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நெசவாளர் வீட்டில் இருக்கும் நீளாத முறுக்கு நூலே போதும். வண்டியைச் சமதளத்தில், வெறும் வண்டியாக, ஸ்டீரிங்கை நேராக்கி நிறுத்துக. முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையத்துக்கு இடப்புறத்தில் நூலைப் பிடித்து முடிச்சிடுக. அதே நூலை வலப்புறத்தில் பிடித்துப் பார்க்க. இரண்டும் ஒத்திருக்க வேண்டும். தெளிவான வித்தியாசம் இருந்தால் ஆக்சில்களுள் ஒன்று ஒரு பக்கத்தில் நகர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். புஷ் கெட்டிருக்கலாம், யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம். எதுவாயினும் அன்றே பட்டறைக்குப் போக வேண்டிய வண்டி அது. சாவெடுக்கும்போதும் பாவு ஓட்டும்போதும் ஓர் இழை தளர்ந்தால் கண்டுகொள்ளும் கண்களுக்கு இச்சோதனை கடினமன்று.

அடுத்துக் கண்ணால் பார்த்தல். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கை பிரேக்கும் இட்ட பிறகு, டார்ச் விளக்கோடு மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்க. போல்ட், கண்ணின் நடுவில் இருக்கின்றதா? ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கத்தில் பிறை வடிவில் இடைவெளி தெரிந்தால் ரப்பர் நசிந்துவிட்டது. ரப்பர் உட்குழாயிலிருந்து பிரிந்து நிற்கின்றதா? துண்டு துண்டாக வெளியே பிதுங்கி வருகின்றதா? போல்ட்டைச் சுற்றிச் செம்மண்போல் துருத்தூள் படிந்திருந்தாலும், பிராக்கெட்டின் கன்னம் உரைந்து பளபளத்தாலும், உலோகம் உலோகத்தோடு உரசுகின்றது என்று பொருள். பிறகு ஒரு லீவரைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்பிப் பார்க்கலாம். ரப்பராகையால் சிறிது அசைந்து மீளும்; அது குற்றமன்று. ‘டொக்’கென்று தாராளமாக ஆடுவதே குற்றம். அவ்வாறே, ரப்பரின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகளைக் கண்டு உடனே மாற்ற வேண்டுவதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் செய்யும் வேலை அது. வெடிப்பு ஆழமாகி வாய்பிளந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

டிரைவர் வாரத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும். அக்கால் மணி நேரத்தை அவருடைய வேலை நேரத்தில் சேர்த்துக் கொடுப்பது சங்கத்தின் கடமை.

சுமையின் கணக்கு

புஷ்கள் ஆயுள் முடியுமுன் சாவதற்கு எண்ணெய்க்கு அடுத்த காரணம் அதிகச் சுமை. 2005-இல் சந்தைக்கு வந்த டாட்டா ஏஸ் முக்கால் டன் சுமைக்கென அமைந்தது. 2011-இல் வெளிவந்ததும் ஓசூரில் செய்யப்படுவதுமான தோஸ்த், ஒன்றேகால் டன்னுக்கென வந்தது. பின்னர் வந்த மாடல்களில் அளவு மாறும். தம் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ளதையே அவரவர் கணக்காகக் கொள்க.

முக்கால் டன் என்றால் 750 கிலோ. நூல் பேல் ஒன்று 400 பவுண்டு, அதாவது 181 கிலோவுக்குச் சற்று அதிகம். நான்கு பேல் ஏற்றினால் 726 கிலோ. கயிறும் தார்ப்பாயும் சேர்ந்து கணக்குச் சரியாகிவிடும். ‘ஒன்றுதானே’ என்று ஐந்தாவது பேலை ஏற்றினால் 907 கிலோ. தக்காளிப் பெட்டி ஒன்று 25 கிலோ என்று கொண்டால் 30 பெட்டிதான் அளவு. உழவர் சந்தைக்கு முதல் நடையிலேயே போய்ச் சேரவேண்டுமென்ற ஆத்திரத்தில் 45 பெட்டி ஏறினால், அது ஒன்றரை மடங்குச் சுமை. இரண்டாவது நடைக்கு ஆகும் டீசலை மிச்சம் பிடித்ததாகத் தோன்றும். பட்டை நிமிர்ந்து, வளைய வேண்டிய திசைக்கு எதிராகவும் வளைந்து, புஷ்ஷின் ரப்பர் அதற்கென வகுத்த அளவுக்கு மேல் முறுகுகின்றது. மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பின், அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று விதித்திருக்கின்றது. அபராதம் பிடிபட்டால்தான்; புஷ்ஷின் கணக்கு ஒவ்வொரு நடையிலும் எழுதப்படுகின்றது.

கூடுதலாக ஒரு பட்டை போட்டுவிட்டால் அதிகச் சுமை ஏற்றலாம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. பட்டை கூடினால் வண்டி அமிழ்வது குறையும், உண்மை. ஆனால் கண்ணும் போல்ட்டும் புஷ்ஷும் ஆக்சிலும் பிரேக்கும் முன்பிருந்தவையே. வெறும் வண்டியாகத் திரும்பும்போது விறைத்த பட்டை ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் நேரே புஷ்ஷுக்குக் கொடுக்கும். இவ்யோசனையை நாம் ஆதரிக்க இயலாது.

மாற்றும் முறை

முன் சக்கரங்களின் கைகளில் உள்ள புஷ்களை மாற்றுவது பட்டறைக்கே உரிய வேலை. அங்கே அழுத்தி வைக்கப்பட்ட சுருள் வில் தவறி விரிந்தால் உயிருக்கே கேடு. மாற்றிய பின் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். பட்டைப் புஷ்களைச் சங்கத்து டிரைவரும், தேர்ந்த மெக்கானிக் ஒருவரும் சேர்ந்து மாற்றிவிடலாம். அருகில் நிற்கும் நிர்வாகியும் கீழ்க்கண்டவற்றைக் கவனித்துக்கொள்வது நலம்.

ஜாக்கியால் தூக்கிய வண்டியின் அடியில், ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் நுழையலாகாது. சேசிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்த பிறகே நுழைய வேண்டும். செங்கல் அடுக்கு ஸ்டாண்டாகாது. பளுவில் அது திடீரென நொறுங்கும். மண் தரையாயின் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனத்த பலகை இடுக. ஆக்சிலை மற்றொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டால்தான், பட்டையின் இழுப்பு நீங்கிப் போல்ட் எளிதில் கழலும்.

துருப்பிடித்த போல்ட் உட்குழாயோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பது சாதாரணம். அப்பொழுது சிலர் கேஸ் கட்டரைக் கொண்டு கண்ணையே சுட்டு, ரப்பரைக் கொளுத்திப் புஷ்ஷை எடுப்பர். இது இருவிதத்தில் தவறு. எரியும் ரப்பரின் புகை நுரையீரலுக்கு விஷம். பட்டையின் உருக்கோ, சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் பண்ணப்பட்டது. கண்ட சூட்டில் அப்பதம் கெட்டு, மெயின் பட்டை பின்னொரு நாள் நடுவழியில் கண்ணருகே ஒடியும். போல்ட்டை வாளால் அறுத்தெடுப்பதே தக்கது. புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளலாம்; பிரஸ் இல்லாவிடில் நீண்ட போல்ட், நட்டு, கனத்த வாஷர், தக்க அளவுள்ள குழாய்த்துண்டு ஆகியவற்றைக் கொண்டு இழுத்தெடுக்கலாம். புதியதை ஏற்றும்போது வெளிக்குழாயின் விளிம்பில்தான் அழுத்த வேண்டும். உட்குழாயில் அடித்தால், போடும்போதே ரப்பர் உள்ளுக்குள் கிழிந்துவிடும். வழுக்குவதற்குச் சோப்பு நீர் தடவுக. இடப்புறம் மாற்றினால் வலப்புறமும் மாற்றுக. ஒரு பக்கம் புதியதும் ஒரு பக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் ஆக்சில் கோணும்.

இனிச் சொல்லப்போவது, நல்ல பட்டறைகளிலும் அவசரத்தில் விட்டுப்போவது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது கண்ணின் போல்ட்டுகளை இறுதியாக முடுக்கலாகாது. ரப்பர் முறுகி வேலை செய்வது என்று மேலே கண்டோம். பட்டை தொங்கும் நிலையில் முடுக்கினால், ரப்பரின் இயல்பு நிலை அதுவாகிவிடும். வண்டியை இறக்கியதும், ஒரு பெட்டிகூட ஏற்றாமலே ரப்பர் முறுகி நிற்கும். சுமை ஏற ஏற இன்னும் முறுகும். நெடுங்காலம் உழைக்க வேண்டியது சில மாதங்களில் கிழியும். ‘ஒரிஜினல் சாமான்தான் போட்டோம், ஆறு மாதம்கூட வரவில்லை’ என்று குறை சொல்லப்படும் புஷ்களில் பல இவ்விதம் கெட்டவை. போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரத்தின்மேல் இறக்கி, முன்னும் பின்னும் சற்றே உருட்டி, பட்டை தன் நிலையில் அமர்ந்த பிறகு, கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்குக. கழற்றிய லாக் நட்டுகளைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே போடுக. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளையும் சேர்த்து ஒருமுறை சரிபார்க்க.

வாங்குவதிலும் கண் வேண்டும். புஷ்ஷின் உட்குழாய் ரப்பரைவிடவும் கண்ணின் அகலத்தைவிடவும் சற்றே நீண்டிருக்க வேண்டும்; அப்பொழுதுதான் பிராக்கெட் அதனைக் கவ்வும். குட்டையான குழாயுள்ள மட்டமான சாமானில், பிராக்கெட் ரப்பரைக் கவ்விக்கொண்டு, குழாய் போல்ட்டின்மேல் சுழன்று போல்ட்டைத் தின்னும். கடையிலேயே ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம். பழைய டயரை வெட்டிக் கண்ணில் செருகும் வழக்கம், வழியில் நின்றுவிட்ட வண்டியை மெல்ல ஊர் சேர்ப்பதற்கு வேண்டுமானால் உதவும், சரக்கேற்றுவதற்கு உதவாது. பாலியூரித்தேன் புஷ்களும் கிடைக்கின்றன. அவை எண்ணெய்க்கு அஞ்சா. நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கடினமானவையாதலால் அதிர்வை அதிகமாகக் கடத்தும். அவற்றில் பல வகைகள் உட்குழாயின்மேல் சுழன்று வேலை செய்வன. அவற்றுக்குச் சிலிக்கோன் கிரீஸ் இட வேண்டும். முட்டையும் பழமும் ஏற்றும் வண்டிக்கு ரப்பரே மேல் என்பது நம் கருத்து.

உர மூட்டை ஏற்றிய வண்டியை அன்று மாலையே அடிப்பக்கம் உட்பட நீரூற்றிக் கழுவ வேண்டும். சிந்திய பொட்டாஷும் யூரியாவும் ஈரத்தை இழுத்து உருக்கை அரிக்கும். போல்ட் குழாயோடு ஒட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரையூர்களில் உரம் ஏற்றாத வண்டிக்கும் உப்புக் காற்று இதே தீங்கைச் செய்கின்றது. அங்குள்ள சங்கங்கள் புது போல்ட் போடும்போது அதன் தண்டில், ரப்பரைத் தொடாதபடி, துரு தடுக்கும் பூச்சை மெல்லியதாகத் தடவிப் போடலாம்.

ஒரு விண்ணப்பம் நிர்வாகக் குழுக்களுக்கு. புஷ் போன்ற சிறு உறுப்புகளுக்கு ஒவ்வொரு முறையும் தீர்மானமும் மூன்று விலைப்பட்டியலும் கேட்டால், தீர்மானம் நிறைவேறும்வரை வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையைப் பழுது முன்பணமாக ஒதுக்கி, ரசீதுக்கு உட்பட்டுச் செலவிடும் உரிமையைக் காரியதரிசிக்குக் கொடுத்துவிடலாம். ஒரு ஜோடி டயரின் விலையோடு ஒப்பிட்டால் அத்தொகை பெரிதன்று. வண்டிப் பதிவேட்டில் புஷ்ஷுக்கென ஒரு பக்கம் ஒதுக்கி, மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், இடமா வலமா, முன்கண்ணா பின்கண்ணா ஷாக்கிளா, எந்தத் தயாரிப்பு, யார் போட்டது என்று எழுதி வைக்க. அடுத்த முறை மாற்றும்போது இரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள கிலோமீட்டரைக் கழித்துப் பார்த்தால், எந்தத் தயாரிப்பு உழைத்தது, எந்தப் பட்டறை ஒழுங்காக முடுக்கியது என்பது தெரிந்துவிடும்.